மெல்லிய காற்றுக்கு ஏற்ற கயிறு: தோணியில் பாய் கட்டும் விவசாயக் குடும்பங்களுக்கு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எமது முன்னோர் அழைத்தனர். எழுவான்கரையில் குடியிருப்புகளும் படுவான்கரையில் பெரும் வயல் வட்டைகளும் உள்ளன. ஆரையம்பதியில் நின்று பார்த்தால் இரண்டையும் பிரிப்பது இந்த வாவிதான்.

1990ஆம் ஆண்டிலும் மீண்டும் 2007ஆம் ஆண்டிலும் போரினால் படுவான்கரை மக்கள் பலர் இடம்பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோரக் குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. இவ்வாறு இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் சில, வீடு ஒரு கரையிலும் காணி மறு கரையிலுமாக வாழப் பழகிக்கொண்டன. கலப்பையும் மண்வெட்டியும் பிடித்த கைகள் அதனால் துடுப்பும் பிடிக்க வேண்டியதாயிற்று.

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை மண்முனைத்துறைப் பாதையில் காத்து நின்றவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் வாகனம் இல்லாத குடும்பங்களுக்கும், பாலத்திற்குத் தூரமான கரையில் காணி உள்ளவர்களுக்கும், விறகு, வைக்கோல், மரக்கறி முதலியவற்றை ஏற்றி வருவோருக்கும் தோணியின் தேவை பாலத்தோடு முடிந்துவிடவில்லை. இயந்திரம் பூட்டினால் எரிபொருள் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காற்றுக்கு விலை இல்லை. ஆகவே, சிறு தோணியில் பாய் கட்டிப் பார்ப்போம் என்று எண்ணுவோர் இருக்கின்றனர்.

அவர்களுக்காகவே இக்கட்டுரை. பாயைப் பற்றியும் பாய்மரத்தைப் பற்றியும் பலரும் பேசுவர். கயிற்றைப் பற்றிக் கேட்டால், "ஏதாவது ஒரு கயிறு போதாதா?" என்பர். போதாது என்பதையே இங்கு விளக்க முயல்கிறோம். மெல்லிய காற்றில் தோணி நகருமா என்பதையும், காற்று திடீரென வலுத்தால் தோணி கவிழுமா என்பதையும் பெருமளவில் தீர்மானிப்பது கையில் பிடிக்கும் அந்த ஒரு கயிறுதான்.

நாம் செய்த பிழை

முதலில் எமது சொந்த அனுபவத்தைக் கூறுகிறோம். ஒரு பைபர் தோணியில் தறப்பாளை வெட்டி, இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் கொண்ட பாய் ஒன்றைத் தைத்துக் கட்டினோம். கயிற்றுக்குப் பணம் செலவழிக்கவில்லை. வீட்டில் மாடு கட்டிய தும்புக் கயிறு ஒன்று கிடந்தது. நடுவிரல் தடிப்பு, எட்டு மீற்றர் நீளம். பலமான கயிறு என்ற எண்ணத்தில் அதையே எடுத்தோம். பாயின் மூலையில் கட்டி, தோணியின் பின்புறம் ஒரு வளையத்தில் இரண்டு முறை சுற்றிக் கையில் பிடித்தோம்.

அது பங்குனி மாதம். வாவியின் மேல் சிற்றலை மட்டும் தெரிந்தது. தோணி அசையவில்லை. பாய் விரியாமல் பாய்மரத்தோடு சாய்ந்து கிடந்தது. "காற்று இல்லை" என்றார் ஒருவர். "பாய் பிழை" என்றார் மற்றொருவர். அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் துடுப்பு வலித்துக்கொண்டு திரும்பினோம்.

கரைக்கு வந்து அந்த நனைந்த கயிற்றைத் தராசில் வைத்தபோதுதான் உண்மை விளங்கிற்று. அது ஒன்றரைக் கிலோ அளவில் நின்றது. பிழை காற்றிலும் இல்லை, பாயிலும் இல்லை.

காற்றின் பலம் எவ்வளவு?

இதைச் சற்றுக் கணக்காகப் பார்ப்போம். நாம் கட்டியது நான்கு சதுர மீற்றர் பாய். காற்று மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் வீசும்போது, அதாவது ஒருவர் நடக்கும் வேகத்தில் வீசும்போது, அந்தப் பாய் முழுவதிலும் விழும் தள்ளுவிசை ஏறத்தாழ அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். எமது கயிற்றின் பாரத்தில் பாதியாவது பாயின் மூலையில் தொங்கியிருக்கும். அது முக்கால் கிலோ. காற்று வெளியே தள்ளப் பார்க்கிறது, கயிறு அதைவிடப் பலமாகக் கீழே இழுக்கிறது. பாய் எப்படி விரியும்?

காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். அதே பாயில், மணிக்கு 11 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 22 கிலோமீற்றர் காற்றில் பத்துக் கிலோ. 33 கிலோமீற்றர் காற்றில் இருபத்து மூன்று கிலோ அளவு. இதில் ஒரு பகுதியைப் பாய்மரம் தாங்கிக்கொள்ளும். மிகுதிதான் கயிற்றுக்கு வரும்.

கடையில் விற்கும் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய பிளாஸ்டிக் கயிறு 300 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். அப்படியானால் இச்சிறு பாய்க்குக் கயிற்றின் பலம் ஒரு பிரச்சினையே அல்ல. நாம் பார்க்க வேண்டியவை வேறு நான்கு விடயங்கள்.

பார்க்க வேண்டிய நான்கு

1. பாரம். கயிற்றின் தடிப்பு இரண்டு மடங்கானால் அதன் பாரம் நான்கு மடங்காகும். 12 மில்லிமீற்றர் கயிற்றுக்குப் பதிலாக 6 மில்லிமீற்றர் கயிற்றைப் பிடித்தால் பாரம் காற்பங்காகக் குறையும்.

2. நீர் குடித்தல். காய்ந்தபோது இலேசாக இருக்கும் கயிறு நனைந்தபின் பாரமாகலாம். தும்புக் கயிறும் பருத்தி நூல் கயிறும் இவ்வகை. தோணியில் கயிறு நனையாமல் இருக்காது. எனவே கடையில் பார்க்கும் பாரத்தை நம்பக்கூடாது.

3. வழுக்கி ஓடுதல். கையைத் தளர்த்தியதும் கயிறு தானாக ஓடிப் பாயை விட வேண்டும். சொரசொரப்பான கயிறு வளையத்திலும் கப்பியிலும் சிக்கி நிற்கும். மெல்லிய காற்றுக்கு அதை இழுத்தெடுக்கும் வலு இல்லை.

4. கைப்பிடி. மிக மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். கிணற்றுக் கயிறு தடிப்பாக இருப்பது வாளியின் பாரத்திற்காக மட்டுமல்ல, கைக்காகவும்தான். ஆனால் மெல்லிய காற்றில் கையில் வரும் இழுவை ஒன்றிரண்டு கிலோ மட்டுமே. அதற்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் கயிறு கையை அறுக்காது. காற்று கூடும்போது 8 மில்லிமீற்றர் வசதியானது.

"நைலோன்" எல்லாம் நைலோன் அல்ல

கடைகளில் பிளாஸ்டிக் கயிறுகள் எல்லாவற்றையும் நைலோன் கயிறு என்றே கேட்டு வாங்குகிறோம். உண்மையில் அவை குறைந்தது மூன்று இனத்தவை.

பொலிபுரோப்பிலீன், பொலித்தீன் கயிறுகள்: நீலம், பச்சை, செம்மஞ்சள் நிறங்களில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவை. நீரில் மிதக்கும், நீர் குடிக்காது, மிக இலேசானவை. மெல்லிய காற்றுக்கு நல்லவை. குறை என்னவென்றால் வெயிலில் விரைவில் பழுதாகும். கையில் தேய்க்கும்போது தூள் கொட்டினால் அக்கயிற்றின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

பொலியெஸ்டர் கயிறு: நீரில் தாழும். முந்தியதைவிடச் சற்றுப் பாரமானது, விலையும் கூடியது. ஆனால் நீளாது, வெயிலைத் தாங்கும், கைக்கு மென்மையானது. பின்னப்பட்டதாகக் கிடைத்தால் முறுகாமல் ஓடும். விளையாட்டுப் பாய்ப்படகுகளில் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகின்றனர்.

நைலோன் கயிறு: இதுவும் தாழும். இழுத்தால் நீளும், நனைந்தால் பலம் சற்றுக் குறையும். நீளும் கயிறு பாய்க்கு உதவாது. ஆனால் நங்கூரத்திற்கு மிக நன்று. அலை உலுக்கும்போது நீண்டு கொடுத்துத் தோணியைக் காக்கும்.

எது எதுவென்று அறிய ஒரு வாளி தண்ணீர் போதும். ஒரு சாண் துண்டைப் போட்டு, கையால் அமுக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மிதந்தால் முதலாவது இனம். தாழ்ந்தால் மற்ற இரண்டில் ஒன்று. பிறகு ஒரு பாகம் நீளக் கயிற்றை மரத்தில் கட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள். இறப்பர் போலச் சற்று நீண்டு திரும்பினால் நைலோன். நீளாமல் நின்றால் பொலியெஸ்டர்.

எந்த வேலைக்கு எந்தக் கயிறு?

நீர்கொழும்பு மீனவரின் பக்கமிதவை பொருத்திய பாய்த்தோணிகளைக் கண்டிருப்பீர்கள். மிதவையை ஆணியால் அறையாமல் கயிற்றால் வரிந்து கட்டுவது அவர்களின் பழைய முறை. கட்டும் கயிறு வேறு, பாய் பிடிக்கும் கயிறு வேறு என்பதை அவர்கள் நன்கு அறிவர். எமது சிறு தோணிக்கும் அவ்வாறே பிரித்துக்கொள்வோம்.

பாய் ஏற்றும் கயிறு: பாயை மேலே தூக்கி நிறுத்துவது. கடலோடிகள் இதை ஆஞ்சான் என்பர். நீளாத கயிறாக இருக்க வேண்டும். 5 அல்லது 6 மில்லிமீற்றர் பொலியெஸ்டர் சிறந்தது. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகவே இதைக் கட்டுங்கள். ஆபத்தில் பாயை உடனே கீழே விழுத்த இது உதவும்.

பாய் பிடிக்கும் கயிறு: பாயின் கீழ் மூலையிலிருந்து கைக்கு வருவது. கடலோடிகளின் மொழியில் தாமான். மெல்லிய காற்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர், மிதக்கும் இனம் அல்லது பின்னற் பொலியெஸ்டர். இக்கட்டுரையின் நடுப்பொருள் இக்கயிறுதான்.

நங்கூரக் கயிறும் கரையில் கட்டும் கயிறும்: 10 மில்லிமீற்றர் நைலோன். உங்களிடம் உள்ள பழைய தும்புக் கயிறும் இதற்கு உதவும். உப்பு நீரைத் தும்பு நன்கு தாங்கும். எனவே மாட்டுக் கயிற்றை எறிந்துவிட வேண்டாம், அதன் இடத்தை மாற்றினால் போதும்.

நீளமும் ஓட்டமும்

பாய் பிடிக்கும் கயிற்றின் நீளத்தை ஊகிக்க வேண்டாம். கரையில் தோணியை நிறுத்தி, பாயை முற்றாக வெளியே திருப்பி வையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பாயின் மூலை வரை அளந்து, அதோடு இரண்டு முழம் கூட்டுங்கள். எமது தோணிக்கு ஐந்து மீற்றர் போதுமாக இருந்தது. அந்த 6 மில்லிமீற்றர் மிதக்கும் கயிற்றின் பாரம் 100 கிராமும் இல்லை.

கப்பியும் சுற்றும் பலமான காற்றுக்கு உரியவை. அவை கையின் பாரத்தைக் குறைக்கும். ஆனால் கயிற்றின் நீளத்தைக் கூட்டும், உராய்வையும் கூட்டும். மெல்லிய காற்றில் அவற்றைக் கழற்றிவிட்டு, மூலையிலிருந்து நேரே கைக்குக் கொண்டுவாருங்கள். உலகெங்கும் சிறுவர் பழகும் ஒப்டிமிஸ்ட் என்னும் சிறு பாய்ப்படகு 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவரால் அமைக்கப்பட்டது. நீளம் 2.3 மீற்றர் மட்டுமே. அதில் போட்டியிடும் பிள்ளைகளும் காற்று மெலிந்த நாட்களில் மெல்லிய கயிற்றை மாற்றிக் கட்டி, கப்பியின் சுற்றைக் குறைத்துக்கொள்வதுண்டு. விலை உயர்ந்த படகுக்கும் தறப்பாள் பாய்க்கும் இந்த நியாயம் ஒன்றுதான்.

இரண்டு கயிறு வாங்க வசதியில்லாதவர்கள் ஒன்றைச் செய்யலாம். பாயின் பக்கம் மூன்று மீற்றர் 5 மில்லிமீற்றர் கயிறு, கையின் பக்கம் இரண்டு மீற்றர் 8 மில்லிமீற்றர் கயிறு என இரண்டு துண்டுகளை இணையுங்கள். பாரம் குறைந்தது பாயில் தொங்கும், தடித்தது கையில் இருக்கும். வளையம் எதனூடாகவும் செல்லாமல் நேரே கைக்கு வருவதால் இணைப்பு முடிச்சு சிக்காது.

கட்டியபின் ஒரு சோதனை செய்யுங்கள். சிறு காற்றில், கரையோரம் முழங்கால் அளவு நீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை இழுத்துப் பிடித்துவிட்டுத் திடீரெனக் கையை விடுங்கள். பாய் தானாக வெளியே போக வேண்டும். போகாவிட்டால் கயிறு தடிப்பு, அல்லது எங்கோ உராய்கிறது. மிக மெல்லிய காற்றில் ஏற்றியுள்ளோர் சற்று முன்னே நகர்ந்து, பாய் சாயும் பக்கமாகச் சிறிது பாரம் கொடுத்து அமர்ந்தால், பாய் தன் பாரத்தாலேயே விரிந்து நிற்கும்.

காற்றின் நேரம்

பங்குனி, சித்திரை மாதங்களில் எமது பகுதியில் காற்று பெரும்பாலும் மெல்லியது. விடியற்காலையில் தரைப் பக்கமிருந்து, அதாவது படுவான்கரையிலிருந்து வீசும். வெயில் ஏறியபின் கடற்பக்கமிருந்து வீசும். அடிப்பலகை இல்லாத எமது தோணிகள் காற்றை எதிர்த்துப் பாயில் போகமாட்டா. எனவே காலையில் வயலுக்குப் போகிறவருக்குப் பாய் உதவாது, துடுப்பே கதி. ஆனால் முற்பகலில் கடற்காற்று எழுந்தபின் புறப்பட்டு, இரவு வாடியில் காவல் இருந்து, விடியலில் தரைக்காற்றோடு மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுவருபவருக்கு இரண்டு வழியிலும் காற்று துணை. உங்கள் வேலையின் நேரம் எதுவென்று பார்த்த பின்பே பாய்க்குச் செலவழியுங்கள்.

ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் வேறு. அது சூடாக, அடித்தடித்து வீசும். மாரியில் வாடைக்காற்றும் மழையும் சேரும். இக்காலங்களில் இச்சிறு பாயைச் சுருட்டி வைப்பதே அறிவு. சித்திரையிலும் பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்டால் பாயை உடனே இறக்குங்கள்.

கயிற்றைக் கட்டிவிடாதீர்கள்

இப்பொழுது கூறப்போவதை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

விவசாயியின் கைக்குக் கயிறு என்றால் கட்டுவதற்கு உரியது. மாட்டைக் கட்டையில் கட்டுகிறோம். சூட்டைக் கட்டுகிறோம். வேலியைக் கட்டுகிறோம். அதே பழக்கத்தில், கை ஓயும்போது பாய்க் கயிற்றையும் தோணியின் குறுக்குப் பலகையில் கட்டிவிட மனம் வரும். அதைச் செய்யவே கூடாது. காற்று மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும் என்று மேலே கண்டோம். இரண்டரைக் கிலோவாக இருந்த தள்ளல் ஒரு நொடியில் இருபது கிலோவைத் தாண்டும். கையில் பிடித்திருந்தால் விரலைத் திறந்தால் போதும், பாய் காற்றை விட்டுவிடும். கட்டியிருந்தால் முடிச்சை அவிழ்க்கும் முன் தோணி புரண்டுவிடும்.

மெல்லிய காற்று நாளில்தான் இப்பிழை கூடுதலாக நடக்கும். காற்று இல்லை என்ற துணிவில்தான் கயிற்றைக் கட்டுகிறோம். ஆகவே:

கயிற்றைக் கையிலும் கையில் மட்டுமே சுற்றாமலும் பிடியுங்கள். கைமணிக்கட்டில் சுற்றுவதும் கட்டுவதற்குச் சமம்.

கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடாதீர்கள். விட்டால் அது முழுவதும் ஓடிவிட வேண்டும்.

காலடியில் கயிறு சுருண்டு கிடக்க விடாதீர்கள். பிள்ளைகளை அதன்மேல் இருத்தாதீர்கள்.

மூடியை இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கலன்கள் இரண்டைத் தோணியின் இரு முனைகளிலும் உள்ளே கட்டி வையுங்கள். கவிழ்ந்தாலும் தோணி மிதக்கும். கவிழ்ந்தால் நீந்திப் போக முயலாமல் தோணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிதவை அங்கி இன்றிப் பிள்ளைகளையும் நீந்தத் தெரியாதவர்களையும் ஏற்றாதீர்கள். வாவி ஆழம் குறைந்தது என்ற எண்ணம் பலரை ஏமாற்றியுள்ளது. சேற்றில் கால் ஊன்றி நிற்க முடியாது.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் கயிற்றை நல்ல நீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் கயிற்றின் வெட்டு நுனியை நெருப்பில் காட்டி உருக்கினால் பிரியாது. தும்புக் கயிற்றின் நுனியை நூலால் வரிந்து கட்டுங்கள். பாய் பிடிக்கும் கயிறு ஒரு பக்கமே தேயும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தலைமாற்றிக் கட்டினால் கூடுதல் காலம் உழைக்கும்.

நாம் மாட்டுக் கயிற்றை மாற்றி மெல்லிய கயிற்றைக் கட்டிய மறுவாரம், அதே தோணி, அதே பாய், அதேபோன்ற சிற்றலைக் காற்று. பாய் மெதுவாக வெளியே சாய்ந்து நின்றது. தோணியின் பின்னால் நீரில் சிறு கோடு விழுந்தது. துடுப்பைத் தொடாமலே மறுகரையை அடைந்தோம். வேகமான பயணம் அல்ல. ஆனால் போய்ச் சேர்ந்தபோது வயலில் வேலை செய்யக் கைகளில் பலம் மிகுந்திருந்தது.

உங்கள் தோணியிலும் இதைச் செய்து பாருங்கள். முதலில் கயிற்றை வாளித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். பின்பு முழங்கால் நீரில் சோதியுங்கள். அதன் பின்பே வாவியில் இறங்குங்கள். உங்கள் அனுபவத்தில் வேறு முறை நன்றாக இருந்தால் எமக்கு அறியத்தாருங்கள். ஏனைய குடும்பங்களுக்கும் அது பயன்படும்.